ஓரம் மட்டும்தான் வெட்டினேன்

பை இடிக்குதா தம்பி? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. மேல கம்பியில வச்சா கசங்கிரும். சாட்டின் துணி. ஒரு தடவை மடிப்பு விழுந்துட்டா தேய்ச்சாலும் முழுசாப் போகாது. நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா. நானும் கோவில்பட்டிதான். தென்காசியில ஏறினதுலருந்து யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசினாத் தேவலைன்னு இருந்துச்சு. செல்லுல பாட்டுக் கேக்கணும்னா சொல்லிருங்க, நான் பேசலை.

உள்ள இருக்கிறது தோரணம். மாவிலை இல்ல, துணித் தோரணம். முக்கோணம் முக்கோணமா வெட்டி, நாடாவுல வரிசையாத் தைச்சு, விழா நடக்கிற எடத்துல குறுக்க நெடுக்கக் கட்டுவாகள்ல, அது. அறுபது மீட்டர். நாலு கலரு. இருநூத்தி நாப்பது கொடி இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா ஒரே கொடி மாதிரித்தான் இருக்கும், மயிரிழை பிசகாது. பதினோரு நாள் வேலை. அப்படியே திரும்பக் கொண்டு போறேன்.

எம் பேரு கொம்பையா. நம்ம ஊரு கல்யாண மண்டபத்துல மேடைக்குப் பின்னால பொண்ணு மாப்பிள்ளை பேரு தெர்மாகோல்ல வெட்டி ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. முப்பத்தஞ்சு வருசமா அதுதான் எம் பொழப்பு. சூட்டுக் கம்பியில வெட்டுறது. 'ஞா'ன்னு ஒரு எழுத்து வந்தா ஒரே மூச்சுல வெட்டி முடிக்கணும். கம்பி ஒரு நொடி நின்னாலும் அந்த எடம் உருகிக் குழியாப் போகும். கை நடுங்கக் கூடாது. எனக்கு இந்த அறுபத்திமூணு வயசுலயும் நடுங்காது. இந்தக் கண்ணுக்குக் கோணல் ஆகாது தம்பி. ஒரு வீட்டுக்குப் போயி அங்க காலண்டர் சாஞ்சு தொங்கினா, அதை நேராக்கிட்டுத்தான் உக்காருவேன். அடுத்தவன் வீடா இருந்தாலும். எங்க வீட்டுல சண்முகத்தாய் சொல்லுவா, உங்களுக்குச் சாமியே சாஞ்சு நின்னாலும் பொறுக்காதுன்னு.

எங்களுக்கு ஒரே பிள்ள. செண்பகவல்லி. நம்ம ஊரு அம்மன் பேருதான். முப்பது வயசாகுது.

அவளுக்கு வலது கை சரியில்ல. பிறக்கும்போதே அப்படி. விரல் நாலும் உள்ளங்கைக்குள்ள மடங்கியே இருக்கும். விரிக்கணும்னா இடது கையால ஒவ்வொண்ணாப் பிரிக்கணும். விட்டா மறுபடி மடங்கிரும். இதை நான் வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்லுதேன். சொந்தக்காரங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது, அப்படி வளத்தேன். முழுக்கைச் சட்டைதான் எடுத்துக் குடுப்பேன். போட்டோ எடுத்தா அவளுக்கு வலது பக்கம் நான் நின்னுக்கிடுவேன். இல்லாட்டி அந்தக் கை மேல ஒரு துண்டு கிடக்கும். ஆல்பம் ஆல்பமா இருக்கு வீட்டுல, ஒரு போட்டோவுலயும் தெரியாது. எந்த அப்பன் இவ்வளவு பாத்திருப்பான்.

கைக்குப் பயிற்சி குடுக்கிற அம்மா ஒருத்தங்க இருந்தாக. சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிட்டுப் போகணும். அவுக சொல்லுவாக, "பிள்ளைகிட்ட கத்தரியைக் குடுங்க, காகிதம் வெட்டட்டும், துணி வெட்டட்டும், கோணலா வந்தா வரட்டும், வெட்ட வெட்டத்தான் விரல் விரியும்"னு. சொல்லுறது சுளுவு தம்பி. அந்தப் பிள்ள ஒரு காகிதம் வெட்டுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தவனுக்குத்தான் தெரியும். நாக்கைக் கடிச்சுக்கிட்டு, நெத்தியெல்லாம் வேர்த்து, ஒரு சாண் வெட்ட கால் மணி நேரம். என்னால பாக்க முடியாது. "குடு தாயி"ன்னு வாங்கிருவேன். ரெண்டு நிமிசத்துல முடிச்சுக் குடுத்துருவேன்.

பள்ளிக்கூடத்துல ப்ராஜெக்ட்டு ப்ராஜெக்ட்டுன்னு குடுப்பாகல்ல. ஒண்ணாப்புலருந்து எல்லாம் நான்தான். பாராளுமன்றம் செஞ்சேன். கலங்கரை விளக்கம் செஞ்சேன், உள்ள பல்பு எரியும். எல்லாத்துக்கும் முதல் பரிசு. கப்பு வாங்கிட்டு வருவா, நான் வாங்கி அலமாரியில வைப்பேன். அவளுக்குச் சந்தோசமாத்தான் இருந்திருக்கும். நான் கேட்டதில்ல.

ஏழாப்பு படிக்கும்போது ஞானசௌந்தரின்னு ஒரு டீச்சர் வந்தாக, கைவேலை டீச்சர். பள்ளிக்கூடத்துல கண்காட்சி. அதுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துணித் தோரணமும் 'நல்வரவு'ன்னு ஒரு பேனரும் செய்யணும். அந்த டீச்சர் வீடு தேடி வந்தாக. "கொம்பையா அண்ணாச்சி, இந்தத் தடவை நீங்க தொடக் கூடாது. செண்பகம் தானே செய்யட்டும்"னாக. நானும் சரின்னுதான் சொன்னேன். மூணு வாரம் நான் கிட்டப் போகலை. சண்முகத்தாயோட பழைய நூல் சேலை ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உக்காருவா. துணியைக் கால் பெருவிரலால மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு, கத்தரியை வலது கையில மாட்டி, இடது கையால விரலைப் பிரிச்சுப் பிரிச்சு வெட்டுவா. இருபத்திநாலு கொடி வெட்டினா. வெட்டி முடிச்ச அன்னைக்கு அவளும் அவ அம்மாவும் ரவா கேசரி கிண்டிச் சாப்பிட்டாங்க. எனக்கும் ஒரு கிண்ணத்துல வந்துச்சு.

கண்காட்சி திங்கக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் கைப்பயிற்சிக்குப் போயிருந்தாக. நான் மட்டும் வீட்டுல. அப்பத்தான் அதை விரிச்சுப் பாத்தேன். என்னத்தைச் சொல்ல. ஒரு கொடி மாதிரி ஒரு கொடி இல்ல. ஒண்ணு மாட்டுக் காது மாதிரி. ஒண்ணு நுனியே இல்ல, கடிச்சுத் துப்புன மாதிரி இருக்கு. பேனர்ல 'ர' ஒரு பக்கமும் 'வு' ஒரு பக்கமும் கிடக்கு. ஊரே வந்து பாக்கப் போகுது. பாத்ததும் என்ன கேப்பான்? பிள்ளைக்குக் கையில என்னன்னு கேப்பான். பன்னெண்டு வருசமா நான் மூடி வச்சதைத் துணியில எழுதி வாசல்ல கட்டுன மாதிரி ஆகாதா?

கடைக்குப் போயி சாட்டின் வாங்கிட்டு வந்தேன். அட்டையில அச்சு வெட்டி, அதை வச்சு இருபத்திநாலு கொடி. ஓரத்துல பல்லு பல்லா விழற கத்தரி எங்கிட்ட இருந்துச்சு, அதால வெட்டி, நாடாவுல தைச்சு, பேனருக்கு வெல்வெட்டுல எழுத்து. அவுக திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன். பழசை என்ன செய்யன்னு யோசிச்சேன். வீட்டுல கிடந்தா மறுபடி அதைத்தான் எடுப்பா. வெந்நி அடுப்புல வச்சுட்டேன். நூல் சேலைதானே, சட்டுனு பிடிச்சுக்கிட்டு எரிஞ்சிருச்சு.

வந்து பாத்தா. புதுசைத் தொட்டுக்கூடப் பாக்கலை. அடுப்படிக்குப் போனா, அங்க ரொம்ப நேரம் நின்னா, வந்து படுத்துக்கிட்டா. சண்முகத்தாய்தான் எங்கூட ஒரு வாரம் பேசலை. இவளுக்கு என்னன்னு நான் விட்டுட்டேன்.

திங்கக்கிழமை நானே சைக்கிள்ல கொண்டு போயிக் கட்டுனேன். பரிசு குடுக்க வெளியூர்லருந்து ஒரு ஐயா வந்திருந்தாக. நல்ல மனுசன், ஒண்ணும் தெரியாது பாவம். நம்ம தோரணத்துக்கிட்ட வந்து நின்னுட்டாக. "யாரும்மா செஞ்சது, அச்சு வார்த்த மாதிரி இருக்கே. எங்களுக்கு ஒரு கொடி வெட்டிக் காட்டும்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே மேசையில கிடந்த கத்தரியை எடுத்து நீட்டுதாக. நான் கூட்டத்துக்குப் பின்னால நிக்கேன். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். வயித்து வலின்னு சொல்லியிருக்கலாம். அந்த டீச்சர் பக்கத்துலதான் நின்னாக, ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கலை.

செண்பகம் சட்டைக் கையை மேல ஏத்தி விட்டா. நான் வருசம் பூரா இறக்கி விட்டதை அவளே ஏத்தி விட்டா தம்பி. செருப்பைக் கழட்டிட்டுத் தரையில உக்காந்து, துணியைக் காலால மிதிச்சுக்கிட்டு வெட்டினா. நான் சுவரைப் பாத்துக்கிட்டிருந்தேன். வெட்டி முடிச்சு எந்திரிச்சு அந்த ஐயா கையில குடுத்தா. "இதுதான் சார் நான் வெட்டுறது. மேல கட்டியிருக்கிறது எங்கப்பா செஞ்சது"ன்னா.

அந்த ஐயா அதையும் பாத்தாரு, இதையும் பாத்தாரு. அவ தலையில கை வச்சுட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டாரு. அந்த டீச்சர் என்ன செஞ்சாக தெரியுமா, அந்தக் கோணக் கொடியை எடுத்துத் தன் டைரிக்குள்ள வச்சுக்கிட்டாக. எதுக்கு? எம் மேல சாட்சிக்கா? பதினெட்டு வருசமாச்சு, அவுகளை நான் மன்னிக்கலை. தெருவுல பாத்தாலும் பேசுறதில்ல.

வீட்டுக்கு வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "எதுக்கு தாயி அத்தனை பேருக்கு முன்னால கையைக் காட்டுன?" அடிக்கலை, வையலை. அவ என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை எப்படிச் சொல்லுறதுன்னு தெரியலை. முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளைப் பாக்கிற மாதிரி.

அதோட சரி. அதுக்குப் பெறகு ஒரு வேலையும் எங்கிட்ட வரலை. கேட்டா, "முடிச்சுட்டேன்ப்பா"ம்பா. மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. பேச்சுவார்த்தை உண்டு, சாப்பிட்டீங்களான்னு கேப்பா. ஆனா ஒரு பொருளைக் கையில வச்சுக்கிட்டிருக்கும்போது நான் பக்கத்துல போனா, அதைக் கீழ வச்சுட்டு நான் போறவரைக்கும் காத்திருப்பா. தண்ணி செம்பா இருந்தாலும் சரி. பன்னெண்டு வயசுலருந்து. எங்கிட்ட என்ன பயம் அவளுக்கு? நான் என்ன பறிச்சுக்கிடவா போறேன்?

படிச்சா. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற படிப்பு. படிச்சு முடிச்சு தென்காசியில கூட ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு ஒரு வாடகை வீட்டுல பள்ளிக்கூடம் வச்சிருக்கா. பதினாலு பிள்ளைக. ஒண்ணுக்குக் கால் வராது, ஒண்ணுக்குப் பேச்சு வராது. நாலு வருசமாகுது. சண்முகத்தாய் மாசம் ஒரு தடவை போயிட்டு வருவா. நான் போனதில்ல. கூப்பிடாம எப்படிப் போறது.

ரெண்டு வாரத்துக்கு முன்னால போன் வந்துச்சு. எனக்கே வந்துச்சு. "அப்பா, எங்க பள்ளிக்கூடத்துல விழா வச்சிருக்கோம். நீங்க வரணும். அம்மாவுக்கு முட்டி வலின்னா நீங்க மட்டுமாவது வாங்க. ஒண்ணும் கொண்டு வராதீங்க. சும்மா வந்து பாருங்கப்பா"ன்னா. வந்து பாருங்கன்னு ரெண்டு தடவை சொன்னா.

ஒண்ணும் கொண்டு வராதீங்கன்னா, பிள்ளைக அப்படித்தான் சொல்லும். அதுக்காகப் பெத்தவன் வெறுங்கையோட போக முடியுமா? அன்னைக்கே துணி எடுத்துட்டேன். சண்முகத்தாய் பாத்துட்டு, "இது வேண்டாங்க. பிஸ்கட்டு வாங்கிட்டுப் போங்க"ன்னா. நான் கேக்கலை.

இன்னைக்குக் காலையில எட்டரைக்குப் போயிச் சேந்தேன். செண்பகம் வாசலுக்கு வந்து பையை வாங்கப் பாத்தா, நான் குடுக்கலை. "என்னப்பா அது?" "ஒண்ணுமில்ல தாயி, துணிமணி." உள்ள கூட்டிட்டுப் போனா. கூடம் பூராத் தோரணம் கட்டியிருக்கு. துணியில, காகிதத்துல. நடுவுல பேனரு, 'எங்க திருவிழா'ன்னு. பிள்ளைக கையைச் சாயத்துல முக்கி முக்கி எழுதியிருக்கு. "எல்லாம் பிள்ளைக செஞ்சதுப்பா. நாலஞ்சு மாசமாச்சு. நாங்க யாரும் கை வைக்கலை"ன்னா. மொகம் அப்படி இருந்துச்சு. அவ மொகத்தை நான் அப்படிப் பாத்து எத்தனையோ வருசமாச்சு. நல்லாருக்கு தாயின்னு சொன்னேன். சொன்னேன் தம்பி, வாய் நிறையச் சொன்னேன்.

வேன் வர்ற நேரம், பிள்ளைகளை இறக்கிக் கூட்டிட்டு வரணும்னு அவளும் மத்த ரெண்டு பேரும் தெரு முக்குக்குப் போயிட்டாக. "உக்காந்திருங்கப்பா, அரை மணி நேரத்துல வந்துருவோம்." உக்காந்தேன். எங்க உக்காந்தாலும் கண்ணு மேலதான் போகுது. மறுபடி அதே மாட்டுக் காது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ஒண்ணு பிஞ்சு தொங்குது. பத்து மணிக்கு ஆளுக வரப் போகுது. எம் மக பள்ளிக்கூடம். பாக்கிறவன் என்ன சொல்லுவான்? டீச்சருக்கே கை இல்ல, பிள்ளைக எப்படி வெட்டும்னு சொல்ல மாட்டானா?

ஆனா ஒண்ணு, நான் பழைய தப்பைச் செய்யலை. மாத்தலை. பையில இருந்ததை வெளிய எடுக்கவேயில்ல. பேனர்ல ஒரு எழுத்தைத் தொடலை. எரிக்கலை. ஓரம் மட்டும்தான் வெட்டினேன். ரொம்ப மோசமா இருந்த கொடிகளை மட்டும், ஒரு பதினொண்ணு இருக்கும், நாற்காலி மேல ஏறி, எப்பவும் சட்டைப்பையில கிடக்கிற சின்னக் கத்தரியால லேசா நேராக்கி விட்டேன். வாசல்லருந்து மூணாவதா ஒரு பச்சைக் கொடி. அதுக்கு உருவமே கிடையாது. அதுல ஒரு முக்கோணம் எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், பாதியாக் குறைஞ்சு போச்சு. ஆனா பாக்க லட்சணமா இருந்துச்சு. விழுந்த துண்டையெல்லாம் தூத்து மூலையில ஒதுக்கி வச்சேன். இறங்கி நின்னு பாத்தேன். இப்ப நல்லாருக்குன்னு எனக்கே ஒரு நிறைவு.

பிள்ளைக வந்துச்சுக, கூட அம்மாமாரும். வந்ததும் ஒவ்வொண்ணும் அதது கொடிக்கு ஓடுதுக, அம்மாவுக்குக் காட்டணும்னு. ரிஸ்வானான்னு ஒரு பிள்ள, ஏழெட்டு வயசிருக்கும். பேச்சு வராது, பார்வையும் மட்டு. அவ அம்மா எங்கிட்டச் சொல்லுதாக, "ரம்ஜான் முடிஞ்சதும் வெட்ட ஆரம்பிச்சா அய்யா, போன வாரம்தான் முடிச்சா. அந்த ஒரு கொடிக்கு அத்தனை நாளு. டீச்சர் போட்டோ அனுப்பினாங்க, பச்சைக் கலரு, வாசல்லருந்து மூணாவது"ன்னு. அந்தப் பிள்ளையைத் தூக்கிக் காட்டுதாக. பிள்ள விரலால அந்தக் கொடியோட ஓரத்தைத் தடவிப் பாத்தா. தலையை ஆட்டினா. "இதுதான்மா, உன்னோடதுதான்"னு அம்மா சொல்லுதாக. இல்லைன்னு தலையை ஆட்டுதா. அவ அம்மா தூக்கிக்கிட்டே நடக்க, நாலாவதைத் தடவுதா, அஞ்சாவதைத் தடவுதா. அழலை. கூடத்துல இருந்த கொடி பூராவும் தடவிட்டு, திரும்ப வாசல்கிட்டப் போயி மொதல்லருந்து ஆரம்பிச்சா.

எம் மக அதைப் பாத்துக்கிட்டே நின்னா. பெறகு தோரணத்தைப் பாத்தா. மூலையில நான் ஒதுக்கி வச்ச குப்பையைப் பாத்தா. கடைசியா என்னைப் பாத்தா. நான் கத்தரியைச் சட்டைப்பையில வச்சிருந்தேன், அது வெளிய தெரிஞ்சிருக்கும் போல.

அம்மாமார்கிட்ட, "கொடி கொஞ்சம் பிரிஞ்சு போச்சுங்க, ஒட்டிருவோம், விழா கொஞ்சம் தாமதமாத் தொடங்கும்"னா. என்னைக் காட்டிக் குடுக்கலை. அந்தப் பதினோரு கொடியையும் இறக்கி, குப்பையில இருந்த துண்டையெல்லாம் அள்ளித் தரையில பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்தா. எந்தத் துண்டு எந்தக் கொடிக்குன்னு தேடித் தேடி, பின்னால ஒரு துணி வச்சுப் பசை தடவி ஒட்டுதா. அந்தக் கையால. விரலைப் பிரிச்சுப் பிரிச்சு. எனக்கு இருப்புக் கொள்ளலை. அஞ்சு நிமிசத்து வேலை எனக்கு. "நான் ஒட்டித் தாரேன் தாயி, நீ வர்றவங்களைக் கவனி"ன்னு குனிஞ்சேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க உக்காருங்க"ன்னா. சத்தமாச் சொல்லலை. நிமிந்துகூடப் பாக்கலை.

ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. வந்தவங்க எல்லாம் காத்துக்கிடக்காக. அம்மாமாரு ரெண்டு மூணு பேரு உக்காந்து துண்டு தேடிக் குடுத்தாக. நான் ஒருத்தன்தான் நாற்காலியில. பச்சைக் கொடியைக் கடைசியா ஒட்டினா. ஒட்டுப் போட்டதுல முந்தியவிட அசிங்கமா இருந்துச்சு, உள்ளதைச் சொல்லணும்ல. அதைக் கொண்டு போயி அந்தப் பிள்ள கையில குடுத்தா. பிள்ள ஓரத்தைத் தடவினா. ஒரு எடத்துல விரலு நின்னுச்சு. அதுக்கு அப்புறம் அந்தப் பிள்ள அதைக் கட்ட விடலை. விழா முடியிற வரைக்கும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டே நின்னா.

சாப்பாடெல்லாம் போட்டா. தயிர் சாதத்துக்கு ஊறுகாய் வேணுமாப்பான்னு கேட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தா. வழியில கேட்டேன், "என் மேல கோவமா தாயி?"

"கோவமெல்லாம் இல்லப்பா"ன்னா. பஸ் ஸ்டாண்டு வாசல் வந்துருச்சு. பெறகு, "நீங்க இனிமே இங்க வராதீங்கப்பா. நான் வந்து உங்களையும் அம்மாவையும் பாத்துக்கிடுறேன்"னா.

ஓரம் மட்டும்தான் தாயி வெட்டினேன்னு சொன்னேன். "தெரியும்ப்பா"ன்னா.

நான் என்ன தப்புச் செஞ்சேன்னு உங்களுக்குப் புரியுதா தம்பி? படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்ல வேண்டாம், விடுங்க. சங்கரன்கோவில் தாண்டுனதும் எனக்கே ஏதோ கொஞ்சம் தெரியற மாதிரி இருக்கு, சொல்லத்தான் வரலை.

பஸ்ஸுல ஏறப் போகும்போது நிப்பாட்டினா. சட்டையில ரெண்டாவது பித்தான் கழண்டு கிடந்திருக்கு, நான் பாக்கலை. எனக்கு நேரா வந்து நின்னு போட்டு விட ஆரம்பிச்சா. இடது கையால துணியைப் பிடிச்சுக்கிட்டு, வலது கை விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, பித்தானை ஓட்டைக்குள்ள தள்ளுதா, வழுக்குது, மறுபடி தள்ளுதா. டிரைவர் ஹாரன் அடிச்சிட்டான். கண்டக்டர் ஏறுங்க பெரியவரேன்னு சத்தம் போடுதான். ஒரு நொடியில நான் போட்டிருப்பேன். கை அதுக்குள்ள மேல வந்துருச்சு, பாதி தூரம் வந்துருச்சு. அப்படியே கீழ இறக்கிட்டேன். தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன்.

அந்தக் கையை அவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்ல தம்பி. முப்பது வருசத்துல இன்னைக்குத்தான். கட்டைவிரல்ல ஒரு காய்ப்பு இருக்கு, கத்தரி பிடிச்சுப் பிடிச்சு. எனக்கு இருக்கிற மாதிரியே, அதே எடத்துல.

பித்தான் மாட்டுறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. ஆகட்டும்னு நின்னேன்.